குரங்கு மூளையில் கட்டி - குற்றவாளி யாரு?

"வைரஸால் மூளைக் கட்டி"ன்னு தலைப்பைப் பார்த்ததும் நம்மாளுங்க பாதிப் பேர் பயந்து போய் அதோட நிறுத்திடறாங்க. மீதிப் பேர் அடுத்தவங்களுக்கு அனுப்பி விட்டுடறாங்க :) உள்ளே என்னதான் இருக்குன்னு கொஞ்சம் பார்ப்போமா மக்களே?

எஸ்.ஐ.வி.ன்னு ஒரு ரெட்ரோவைரஸ். எச்.ஐ.வி.க்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கங்க. 1985-ல் அமெரிக்க ஆய்வு மையம் ஒன்றில் இருந்த ரீசஸ் குரங்குகளிடம் இதைக் கண்டுபிடிச்சாங்க. இது தொற்றிய குரங்குகளுக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறையும். சிலதுக்கு லிம்ஃபோமா என்கிற புற்றுக்கட்டி வரும், சமயத்துல மூளையிலும். அப்ப எஸ்.ஐ.வி.தானே குற்றவாளி? அவசரப்படாதீங்க.

அந்தக் கட்டிகளின் செல்களுக்குள்ளே பல நேரம் சிக்குவது வேறொரு ஆள். ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். மனுஷங்கள்ல இதுக்குச் சொந்தக்காரன் எப்ஸ்டீன்-பார் வைரஸ். உலகத்துல பெரியவங்களில் 90 சதவீதத்துக்கும் மேல இருக்கு, உங்களுக்கும் எனக்கும் சேர்த்துதான். பி செல்லுக்குள்ள சத்தமில்லாம தூங்கும். அதை எழ விடாம பார்த்துக்கறது டி செல்கள். எஸ்.ஐ.வி. அந்தக் காவல்காரனை அடிச்சுப் போடுது. உள்ளே தூங்கின திருடன் எழுந்து வேலையைக் காட்டறான். அவ்ளோதான் விஷயம்.

ஆப்பிரிக்காவில் சூட்டி மங்கபேன்னு ஒரு குரங்கு இருக்கு. அதன் ரத்தத்துலயும் எஸ்.ஐ.வி. எக்கச்சக்கம். ஆனா காவல் செல்கள் பெரும்பாலும் சரியறதில்லை, நோயும் வர்றதில்லை. வைரஸ் இருப்பது மட்டுமே பிரச்சினை இல்லைன்னு இதைவிட எப்படிச் சொல்றது?

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லைங்க. எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு வர்ற மூளை லிம்ஃபோமாவும் கிட்டத்தட்ட இதே கதைதான். 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்தபிறகு அது மளமளன்னு குறைஞ்சது. கட்டிக்குன்னு புது மருந்து வந்ததால இல்லை. எச்.ஐ.வி.யை அடக்கினதும் காவல்காரன் எழுந்து நின்னுட்டான்.

என் கருத்து இதுதான். "வைரஸ் வந்தா மூளையில கட்டி"ன்னு மொட்டையா எழுதறவர், நோயாளியிடம் "உன் கதை முடிஞ்சது"ன்னு சொல்றார். நடப்பதை விளக்கி எழுதறவர் "மாத்திரையை மட்டும் விட்டுடாதே"ங்கிறார். ரெண்டுக்கும் நடுவுல இருப்பது ஒரு உயிர்.

மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசுவோம்.