விலைகொடுத்து வாங்கும் காலம்



ஞானமாய் நடப்பதைக் காலத்தோடு இணைத்துப் பேசுகிறார் பவுல் அப்போஸ்தலன் (எபேசியர் 5:15,16). நம் வேதாகமத்தில் காலத்தைப் ‘பிரயோஜனப்படுத்துவது’ என வருமிடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது விலைகொடுத்து வாங்குவதைக் குறிக்கும் சொல். வாங்குகிறவன் எதையாவது கொடுத்தாக வேண்டும்.

நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைச் சந்திப்பதை, சபைக் கமிட்டிக் கூட்டங்களின் பொருட்டு ஒரு வாரம் தள்ளிவைத்தேன். மறுவாரம் அவருடைய அடக்க ஆராதனையைத்தான் நடத்தினேன். நான் சோம்பலாயிருக்கவில்லை, ஆயினும் ஞானமாய் நடக்கவில்லை.

ஓயாத அலுவல் ஞானத்தின் அடையாளமன்று. மேலானதற்காக மற்றொன்றை மனதார விட்டுக்கொடுப்பதே ஞானம். நீங்கள் யாரைச் சந்திப்பதைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள்? அதற்கு விலையாக இவ்வாரம் எதை விடப்போகிறீர்கள்? ஜெபத்தோடு தீர்மானியுங்கள்.

கர்த்தர்தாமே நமக்கு ஞானமுள்ள இருதயத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.