பக்கத்து டிஸ்குக்காக நான் ஏன் காத்திருக்க வேணும்?

இந்தக் கிழமை எபிசோடில, பென்டிரைவைக் கழட்ட முதல் ‘சிங்க்’ அடிக்க வேணுமோ எண்டு கதைச்சம். (கிளவுட் சிங்க் இல்லை. ரேமில தேங்கி நிக்கிற டேட்டாவை டிஸ்கில எழுதி முடிக்கச் சொல்லுற சிங்க்.) நேரம் போதாமல் விட்டதை இஞ்ச எழுதிறன்.

போன வருசம் ஒரு கொன்ட்ராக்டில நான் எழுதின பேக்கப் ஸ்கிரிப்ட், யூஎஸ்பி டிஸ்குக்கு எல்லாத்தையும் கொப்பி பண்ணி, கடைசியில சிங்க் அடிக்கும். ஒரு நாள் விடிய வந்து பார்த்தால் ஸ்கிரிப்ட் அப்பிடியே நிக்குது. கில் பண்ணியும் சாகேல்ல. யூஎஸ்பி டிஸ்க் தன்ர வேலையை எப்பவோ முடிச்சிட்டுது. ஆனால் அதே மெஷினில என்எஃப்எஸ் மூலம் மவுண்ட் பண்ணியிருந்த வேறொரு சேர்வர் இரவு படுத்திட்டுது. அதுக்குப் போகவேண்டிய டேட்டா கொஞ்சம் ரேமில மிச்சம். பழைய சிங்க் எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் சேர்த்துத்தான் காத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டதுக்கு எங்கட வீட்டுக் கலியாணத்தை நிப்பாட்டின மாதிரி.

ஒவ்வொரு ஃபைலுக்கும் எஃப்சிங்க் அடிக்கலாமே எண்டு கேப்பீங்கள். பத்து ஃபைல் எண்டால் சரி. லட்சக்கணக்கில இருந்தால் விடிஞ்சிடும்.

அதாலதான் 2011இல் லினக்ஸ் 2.6.39இல் ‘சிங்க்எஃப்எஸ்’ வந்தது: ஒரு ஃபைல் சிஸ்டத்தை மட்டும் எழுதி முடி. சாதாரண புரோகிராமுக்கு இந்த அதிகாரம் குடுக்கலாமோ எண்டு சிலர் யோசிக்கினம். விண்டோஸில முழு வொல்யூமையும் ஃபிளஷ் பண்ண அட்மின் உரிமை வேணும். ஆனால் லினக்ஸில முழு மெஷினையும் சிங்க் பண்ண ஆருக்கும் ஏற்கெனவே ஏலும். அதைவிடச் சின்ன ஆயுதத்தைக் குடுக்க ஏன் பயம்? கட்டாயம் குடுக்க வேணும் எண்டுதான் நான் சொல்லுவன்.

எனக்குக் கோபம் வேற இடத்தில. பழைய சிங்க் எதையுமே திருப்பிச் சொல்லாது. எழுதேலாமல் போனாலும் மௌனம்தான். சிங்க்எஃப்எஸ்ஸும் 2020இல் கேர்னல் 5.8 வரும்வரைக்கும், டிஸ்கில எழுதேக்க பிழை வந்தாலும் ‘வெற்றி’ எண்டுதான் சொன்னது. ஒன்பது வருசம்! பேக்கப் எடுக்கிறவனுக்கு, காத்திருக்கிறதைவிட இந்தப் பொய்தான் ஆபத்து.

இப்ப என்ர ஸ்கிரிப்டில ‘சிங்க் -எஃப்’தான் இருக்கு, எரர் வந்தால் மெயிலும் போடும். ஆனால் அந்த சேர்வர் இன்னும் கேர்னல் 5.4. அப்டேட் பண்ணச் சொல்லிக் கேட்டு மூண்டு கிழமையாச்சு, பதில் இல்லை.