பிள்ளை பிடிக்கிறவன் யார்?



கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் கோழி கூவும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மலையேறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு நம் தாய்மார்கள் கூலிக்குப் போகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் திணிக்கப்படுகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய கொடுமை. இன்று அது வேண்டாம். அவர்கள் விட்டுச் செல்லும் வீட்டைப் பாருங்கள். வடித்த சோறு மூடியிருக்கிறது, பிள்ளை உறங்குகிறது. புறப்படும் தாய் சொல்லிச் செல்வதென்ன? “தெருவுக்குப் போகாதே, பிள்ளை பிடிக்கிறவன் வருவான்!”

தலைமுறை தலைமுறையாக நாம் குழந்தைக்கு அளித்துவரும் பாதுகாப்புக் கல்வி இந்த ஒரு வாக்கியந்தான். கோணி சுமப்பவனைக் கண்டால் ஓடு. புரியாத மொழி பேசுகிறவனைக் கண்டால் ஓடு. சரி, பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டால்? உறவுக்காரரைக் கண்டால்? பாடம் சொல்லித் தருகிறவரைக் கண்டால்?

2007இல் ஒன்றிய அரசு 13 மாநிலங்களில் பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது: போக்சோ சட்டத்தின் கடுங்குற்ற வழக்குகளில் 100க்கு 95க்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவன் குழந்தைக்குத் தெரிந்தவன்! பூச்சாண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

அந்நியன் என்ற அச்சம் செய்த வேலை என்ன? 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்து அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு நின்றது ஒரு குடும்பம். சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார் 65 வயது மூதாட்டி. கைப்பேசி வதந்தியை நம்பிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்தச் சாவினால் எந்தக் குழந்தை காப்பாற்றப்பட்டது? அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்தது சென்னை அயனாவரத்துச் செய்தி. மாதக்கணக்கில் ஒரு சிறுமியைச் சீரழித்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்களா? இல்லை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிகளும், மின்தூக்கி இயக்கியவரும், பராமரிப்பு வேலை செய்தவர்களும்! 17 பேர் கைதாகி, 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

“இதையெல்லாம் குழந்தையிடம் பேசுவதா? பண்பாடு என்னாவது?” என்று சிலர் பதறுகிறார்கள். பாழுங்கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லையா? முல்லைப் பெரியாற்றில் வெள்ளம் வரும் நாளில் இறங்காதே என்று சொல்லவில்லையா? அப்படியே இதையும் சொல்லுங்கள். உன் உடம்பு உன்னுடையது. தொடுவது பிடிக்காவிட்டால், தொட்டவர் யாராயினும் “வேண்டாம்” எனக் கத்து. அம்மாவிடம் சொல்லாதே என்று எவன் கேட்டாலும் அதையே முதலில் அம்மாவிடம் சொல். சொன்னால் அடிக்க மாட்டோம். இந்தக் கடைசிச் சொல்லைக் காப்பாற்றுவதுதான் நமக்குக் கடினம்.

நம்மையும் விட்டுவிடுவதற்கில்லை. அழுகிற குழந்தையை வலியத் தூக்கி, “மாமாவுக்கு முத்தம் கொடு” என்று வந்தவர் மடியில் வைக்கும் தோழர்கள் நம்மில் இல்லையா? பெரியவர் சொன்னால் மறுக்கக்கூடாது என்று பழக்கிய பிள்ளை, எந்தப் பெரியவரை எப்படி மறுக்கும்?

அதைவிடப் பெரும் பழி ஒன்றுண்டு. வாய் திறந்த குழந்தையின் வாயை ஊர்ப் பெரியவர்கள் மூடுவது! இரு வீட்டாரையும் உட்காரவைத்து, அபராதத் தொகை பேசி, “குடும்ப மானம்” என்று முடித்துவிடுவது. யாருடைய மானம்? 2012 நவம்பர் 14 முதல் நடப்பிலிருக்கும் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் புகார் செய்தே ஆகவேண்டும், மறைப்பதும் தண்டனைக்குரியது. குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிக்க வேண்டியதுமில்லை. சீருடையணியாத அதிகாரி வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பெறவேண்டும். 1098க்கு அழைத்தாலும் உதவி கிட்டும். இவ்வளவும் இருக்க, அந்தப் பஞ்சாயத்துப் பாயில் நம் கரைவேட்டி ஒன்று உட்காருமானால், அதைக் கட்டியவருக்குக் கழகத்தில் என்ன வேலை?

பாடம் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. ஐந்து வயதுப் பிள்ளையை நம்பி ஊரார் கடமையை இறக்கி வைக்கக்கூடாது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டுமென்றது. தோட்டமோ மலைமேல், கேரளத்தில். பள்ளி செல்லும் பிள்ளையோ அடிவாரத்தில், தமிழகத்தில்! இங்குள்ள அங்கன்வாடியோ ஜீப் போன பின் திறந்து, ஜீப் திரும்புமுன் பூட்டப்படுகிறது. அதிகாரிகளின் கடிகாரத்துக்கு மையம் நடக்கிறது. கூலிக்காரியின் கடிகாரத்துக்கு நடப்பது எப்போது?

மே 1 அன்று கிராம சபை கூடும். சுருளிப்பட்டி முதலிய ஊராட்சித் தோழர்கள், ஜீப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் எழுதி, அந்நேரம் முழுதும் திறந்திருக்கும் காப்பகம் வேண்டுமெனத் தீர்மானம் கொண்டு வாருங்கள். அன்று தாய்மார்களுக்கு விடுமுறை, அவர்களையே பேசவிடுங்கள்.