விதையில் உள்ளூர்க் கம்பெனி நிலைக்க வழி

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையும் நெல் வயல்களும் அருகருகே உள்ளன. பன்னாட்டுக் கம்பெனி என்றால் நமக்குத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் போட்டி விதைக் கடைக்கும் வந்து வெகுகாலமாகிறது. பளபளப்பான பைகளில் வரும் பெரிய கம்பெனி விதைகளுக்கு முன்னால், உள்ளூர்ச் சிறு விதைக் கம்பெனியும் விவசாயிகள் உற்பத்தியாளர் குழுவும் நிற்க முடியுமா? முடியும் என்பதே என் கருத்து. ஆனால் எதில் போட்டியிடுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளின் பலம் வீரிய ஒட்டு விதை. அதில் விளைந்த நெல்லை மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது, மகசூலும் குறையும். எனவே போகத்துக்குப் போகம் விதை வாங்கியாக வேண்டும். ஒட்டு விதைக்கான பெற்றோர் ரகங்களை அவர்கள் வெளியே விடுவதில்லை. சிறு கம்பெனி அங்கே போய் மோதுவது வீண் செலவு.

நம் பலம் சாதாரண ரகங்களில் இருக்கிறது. நம் மாவட்டத்துத் திரூரிலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கு உருவான டி.கே.எம். 6 ரகம், குருத்துப் பூச்சியைத் தாங்கும் குணத்துக்காகப் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒட்டுச் சேர்க்கப்பட்டது. அதிலிருந்து 1969இல் வந்ததே ஐ.ஆர். 20. பின்னர் 1978இல் குறுகிய காலச் சிவப்பரிசி ரகமான டி.கே.எம். 9, 2015இல் 130 நாள் சன்ன ரகமான டி.கே.எம். 13 ஆகியவை வெளிவந்தன. ஆராய்ச்சிச் செலவைப் பொதுப்பணம் ஏற்றுவிட்டது. உள்ளூர்க் கம்பெனி செய்ய வேண்டியது தரமாகப் பெருக்கித் தருவதுதான்.

அந்தத் தரத்துக்கான தொழில்நுட்பம் எளியது. ஆதார விதையைக் கொண்டு தொடங்குங்கள். பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். பூக்கும் சமயத்திலும் முற்றும் சமயத்திலும் கலவன்களைப் பிடுங்குங்கள். அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்குமுன் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான கலப்பு அங்கேதான் நேர்கிறது. ஈரப்பதம் 13 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துச் சேமியுங்கள். முளைப்புத் திறன் 80 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. ஈரச் சாக்கில் 100 விதையை வைத்து எண்ணிப் பார்க்க எந்த விவசாயிக்கும் முடியும்.

சட்டமும் விவசாயிக்குத் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். பெயரிட்ட முத்திரை விதையாக மட்டும் விற்கக் கூடாது. வியாபாரமாக நடத்த விதை விற்பனை உரிமம் அவசியம்.

பெரிய கம்பெனி விளம்பரத்துக்குச் செலவிடும் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் முளைக்காத விதைக்கு மறுநாளே வாசலில் வந்து கேட்கும் பக்கத்து ஊர்க்காரர் நம்மிடம் உண்டு. அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பே உள்ளூர்க் கம்பெனியின் முதல். ஒரே ஒரு போகம் கலப்பு விதை விற்றாலும் அந்த முதல் கரைந்துவிடும். சிறு விவசாயிகளும் பையின் பளபளப்பைப் பார்க்காமல், சான்று அட்டையில் உள்ள ரகம், முளைப்புத் திறன், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படித்து, ரசீதும் பெற்று வாங்க வேண்டும்.