கைத்தொழிலுக்கு ஓர் இடம்

தில்லியில் வாழும் நம் குடும்பங்களில் தஞ்சாவூர்ப் படம் எழுதுவோரும் சுடுமண் பொம்மை செய்வோரும் உளர். அவர்களுக்குக் கைத்திறனில் குறைவில்லை, இடந்தான் இல்லை. இரண்டறைக் குடித்தனத்தில் பலகையை விரித்தால் பாய் விரிக்க இயலாது. சூளை வைக்க வீட்டுக்காரர் இசைவாரா?

தனியே முடியாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்பதற்கு இத்தலைநகரிலேயே சான்று உண்டு. 1976-இல் லலித் கலா அகாதெமி கர்ஹி கிராமத்தில் அமைத்த கலைக்கூடங்களில் சூளையும் அச்சுப்பொறியும் பலருக்கும் பொதுவாயின. தெற்கே, கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணாக்கரும் வேறொரு வழி கண்டனர். பாடிக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக்கொண்டு, சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவினர். ஓவியர்களுக்கு நிலம் தேடித் தந்தது கைத்தொழிலே என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. நம் சங்க மண்டபத்தின் பின்னறை ஞாயிறும் விழா நாளும் தவிரப் பூட்டியே கிடக்கிறது. அங்கே சூளைக்கு வழியில்லை. ஆயினும் நான்கு நீண்ட மேசைகளும், நல்ல விளக்கும், பூட்டுள்ள அலமாரியும் போடலாம். சிறு வாடகை இருக்கட்டும். இலவசமென்றால் துடைப்பம் எடுப்பவர் யார் என்ற வழக்கு வரும்! கலியாண வருமானம் குறையுமென்று சிலர் அஞ்சுவர். முகூர்த்த நாட்களை ஒதுக்கிவிட்டால் அவ்வச்சத்துக்கு இடமேது?

அடுத்த செயற்குழுவில் இதனை எழுப்ப இருக்கிறோம். இடம் வேண்டுவோர் தம் தொழிலையும், வரக்கூடிய நேரத்தையும் குறித்துச் சங்கக் காரியதரிசிக்கு ஒரு கடிதம் எழுதுவார்களாக. எத்தனை பேர் என்பதைத்தான் குழுவினர் முதலில் கேட்பர்.