அளவுகோலும் ஆசிரியரின் கண்ணும்

கொல்ஃப் ஆட்டத்தை ஒரு யந்திரமாகப் பாவித்து, மட்டை வீச்சினை 24 அங்கங்களாக வகுத்து, அமெரிக்கரான ஹோமர் கெல்லி 1969ஆம் ஆண்டில் 'த கொல்ஃபிங் மெஷின்' என்னும் நூலை வெளியிட்டார். அந்நூலில் ஈடுபட்டுத் தம் ஆட்டத்தைக் கணிதம்போல் அமைத்துக்கொண்ட கொல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ, 2020இலும் 2024இலும் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் வாகை சூடினாராதலின், அம்மார்க்கத்தை வீணென்று தள்ளிவிடுதல் நியாயமன்று.

ஆயினும், தில்லி கொல்ஃப் கழகத்தில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து, வல்லவர் ஆடுவதைப் பார்த்துப் பழகிய அலி ஷேர், 1991இல் இந்தியப் பகிரங்கப் போட்டியை வென்றதும் சரித்திரமே.

நம் ஊரான அல்லைப்பிட்டியில் கொல்ஃப் மைதானம் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் துடுப்பாட்டம் பழகும் வெளிகளிலும், அளந்து கற்பதா, பார்த்துப் பழகுவதா என்னும் இதே பிரச்சினை எழுகின்றது. கைப்பேசியில் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, முழங்கை, தோள், பாதம் என ஒரே மூச்சில் பல குற்றங்களை அடுக்கினால், அடுத்த பந்தை எதிர்கொள்ளும் சிறுவன் பந்தைப் பார்க்க மறந்து தன் அங்கங்களையே எண்ணிக்கொண்டு நிற்பான். மட்டையை இறுகப் பற்றிய அவனுடைய விரற்கணுக்கள் வெளுத்திருப்பதைக் கண்டு, அருகே சென்று, "கையைக் கொஞ்சம் தளர விடு, தம்பி" என்று சொல்லும் ஆசிரியரே அவனுடைய பயத்தையும் அறிந்தவராவார்.

கருவி பிழையைக் காட்டட்டும். எப்பிழையை எப்போது திருத்துவதென்று மனிதரே தீர்மானிக்கட்டும். ஆதலால், பாடசாலைக்கு உபகரணம் வாங்க நிதி திரட்டும் அன்பர்கள், பயிற்றுநர்களை உருவாக்குதற்கும் அதே சிரத்தையுடன் உதவுதல் வேண்டும்.