யாக்கோபின் நடை



நம் வாசகத் தாய் ஒருவரின் மடல் அண்மையில் நம் கைக்கு வந்து சேர்ந்தது. கணவரை இழந்தவர், அகவை 67. தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டுள்ளார். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மனைவியோடும், எட்டு வயது மகளோடும், நான்கு வயது மகனோடும் வாழ்கின்றார். வரும் டிசம்பரில் அன்னையைத் தம்மிடம் அழைத்துச் சில மாதங்கள் உடன் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துள்ளார். கிறிஸ்மஸ் விடுமுறையில் குடும்பம் முழுவதையும் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகருக்கு அருகிலுள்ள டிஸ்னி உலகம் என்னும் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது அவருடைய ஆசை. அக்குடும்பத்துக்கு இத்தகைய பயணம் இதுவே முதன்முறை.

இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். அத்தாய் எழுதுவதைக் கேளுங்கள்:

"எனக்கு இரண்டு முழங்காலிலும் வலி. கோவிலுக்கு நடந்து போய் வந்தாலே மாலையில் கால் வீங்கிவிடுகிறது. இதை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடுவான். சொல்லாமல் போனால் எல்லாருக்கும் பாரமாவேன். 'நீங்கள் போய் வாருங்கள், எனக்கு அதிலெல்லாம் விருப்பமில்லை, நான் வீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு இருக்கிறேன்' என்று சொல்லிவிடலாமா? அது பொய்யாகுமா?"

அம்மா, உங்கள் மடலைப் படித்ததும் குலமுதல்வர் யாக்கோபு நம் நினைவுக்கு வந்தார். பல்லாண்டுப் பிரிவுக்குப்பின் அவர் தம் அண்ணன் ஏசாவைச் சந்திக்கின்றார். ஏசாவோடு வந்திருந்தவர்கள் நானூறு ஆடவர். சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அண்ணன் அழைக்க, தம்பி பணிவோடு மறுக்கின்றார். தம் பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உள்ளன, ஒரே நாள் விரட்டிச் சென்றாலும் அவை தாங்கா என்கிறார். பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப மெதுவாகப் பின்னால் வருவதாகச் சொல்லுகிறார். தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரத்தில் இதனைக் காணலாம். அதற்கு முந்தைய அதிகாரத்தின் முடிவில், யாக்கோபே இடுப்பில் அடிபட்டு நொண்டி நடந்தவர் என்பதையும் காண்கிறோம். தம் வலியை அறிந்தவரே பிறர் நடையை அளக்கக் கற்றவர். குடும்பத்தோடு புறப்படும் எவரும் கற்க வேண்டிய பயணமுறை இதுவே. நம்முள் வலுக்குறைந்தவருடைய நடையே அனைவருடைய நடையாகட்டும்.

இந்தப் பூங்கா பிறந்த கதையும் இதற்குத் துணை நிற்கின்றது. வால்ட் டிஸ்னிக்கு டயான், ஷரன் என இரு புதல்வியர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அவர்களை அழைத்துச் செல்வார். சிறுமியர் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். தந்தையோ பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு காத்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழத்தக்க ஓரிடம் இல்லையே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு எழுந்ததாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். அதன் விளைவாக 1955 ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. புளோரிடாவின் டிஸ்னி உலகம் எழுமுன் 1966-இல் அவர் மறைந்தார். ஓய்வுபெற எண்ணியிருந்த அண்ணன் ராய் டிஸ்னி அவ்வோய்வைத் தள்ளிவைத்து, தம்பியின் கனவை 1971 அக்டோபர் 1-ஆம் நாள் நிறைவேற்றினார். தம்பியின் முழுப்பெயர் விளங்கும்படி 'வால்ட் டிஸ்னி உலகம்' என்றே பெயரிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அவரும் காலமானார்.

பெஞ்சில் ஒருவர் தனித்திருக்கலாகாது என்பதற்காகத் தோன்றிய ஓரிடத்துக்கு, பாட்டியை வீட்டில் தனித்திருக்க விட்டுச் செல்வது பொருந்துமா? ஆகவே, அம்மா, நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் முதலில் மகனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். விருப்பம் உள்ளத்தில் இருக்க, இல்லை என்பது பொய்தான். அன்பினால் சொல்லும் பொய்யாயினும், தம் தாயைத் தாங்கும் வாய்ப்பை அது மகனிடமிருந்து பறித்துவிடுகின்றது. இவ்விதழை அவருக்கு அனுப்பி வையுங்கள். இனி வருவன அவருக்கு.

தம்பி, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்பதை நம் ஆண்டவரே உவமையாகக் கூறியுள்ளார். நீங்களும் மனைவியோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். நுழைவுச்சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். 2025-ஆம் ஆண்டின் நெரிசல் மிக்க நாட்களில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலரை அது நெருங்கியது. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். மூன்று முதல் ஒன்பது வயதுவரை சிறுவர் கட்டணம். பத்து வயதிலேயே பெரியவர் கட்டணம் தொடங்கிவிடும். வண்டி நிறுத்தம், தங்குமிடம், வரிசையைச் சுருக்கத் தனிக்கட்டணம் என வேறு செலவுகளும் உண்டு. கடன் அட்டையில் சேர்ந்து ஓராண்டு உறுத்தும் மகிழ்ச்சி மகிழ்ச்சியன்று. கையிருப்பு இரண்டு நாளுக்குத்தான் போதுமெனில் இரண்டு நாளே செல்லுங்கள். அம்மாவுக்குப் பயணிகளுக்குரிய மருத்துவக் காப்பீடு எடுப்பதை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அந்நாட்டில் ஒரு நாள் மருத்துவமனைச் செலவே ஒரு குடும்பத்தை நிலைகுலையச் செய்துவிடும்.

அடுத்தது காலம். கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரமே அங்குப் பெருநெரிசல் மிகுந்த காலம். அம்மா சில மாதங்கள் தங்கப்போவதால், கிறிஸ்மஸை வீட்டில் குடிலமைத்து, பங்குக் கோவிலில் கொண்டாடிவிட்டு, பயணத்தை ஜனவரி இறுதிக்குத் தள்ளிவைக்கலாமே? அப்போது கூட்டமும் குறையும்; புளோரிடாவின் வெயிலும் தணிந்திருக்கும். பிள்ளைகளின் பள்ளியில் முன்னரே சொல்லி ஓரிரு நாள் விடுப்புப் பெறுவது இயலாததன்று. கோடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அக்காலத்தில் பிற்பகல்தோறும் இடிமழை வரும். மின்னல் தோன்றினால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஆர்லாண்டோ ஏறத்தாழ 700 கிலோமீட்டர். காரில் ஏழு மணி நேரமாவது ஆகும். இரண்டு மணிக்கொருமுறை நிறுத்தி அம்மாவைச் சற்று நடக்கவிடுங்கள். சேர்ந்த நாளன்றே பூங்காவுக்குள் நுழையாமல், ஓரிரவு உறங்கி எழுந்து செல்லுங்கள்.

டிஸ்னி உலகத்தில் பெரும் பூங்காக்கள் நான்கு உள்ளன. நான்கையும் பார்த்துவிட வேண்டுமென்ற ஆசையே முதற்பயணிகளின் முதற்பிழை. இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகளுக்காக மேஜிக் கிங்டம் என்னும் பூங்கா. 189 அடி உயரமுள்ள சின்ட்ரெல்லா கோட்டை அங்கேதான் உள்ளது. அம்மாவுக்காக 1982-இல் திறக்கப்பட்ட எப்காட். அங்கு ஓர் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கட்டடங்களும் உணவும் கலைகளும் காட்சிக்குரியன. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் ஆகும். ஆதலின் அங்கும் சக்கர நாற்காலி வேண்டும். பூங்காக்களில் அதனை வாடகைக்குத் தருகிறார்கள். முன்வருவோர்க்கே கிடைக்குமாதலால், நீங்களே ஒன்றைக் கொண்டுசெல்வது இன்னும் நன்று.

மேஜிக் கிங்டத்துக்குக் காரில் செல்வோர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, மோனோ ரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்தே வாயிலை அடைய வேண்டும். இதற்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். வாயில் திறக்கும் வேளையில் உள்ளே சென்று, உச்சிப்பொழுதில் விடுதிக்குத் திரும்பி உறங்கி, மாலையில் மீண்டும் செல்லலாம். அன்றைய சீட்டே மாலைக்கும் செல்லும். கொடுத்த பணம் வீணாகுமே என்று நண்பகலிலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரிவோர், மாலையில் அழும் குழந்தையையும், சினந்த மனைவியையும், வாடிய பெரியோரையும் காண்கிறார்கள். அதுவே உண்மையில் பணம் வீணாதல்.

புறப்படுமுன் வீட்டிலேயே பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். விண்வெளி மலை என்னும் விரைவுச் சவாரிக்கு 44 அங்குலம், அதாவது 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். எட்டு வயது அக்காள் ஏறுவாள். நான்கு வயதுத் தம்பிக்கு இடமிராது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் இதை அறிந்தால் அவன் உள்ளம் உடையும். வீட்டிலேயே சொல்லிவிட்டால் அன்று அது செய்தியாக இராது. பெற்றோருள் ஒருவர் ஏறும்போது மற்றவர் சிறுவனோடு வெளியே இருந்து, பின்னர் மீண்டும் முழு வரிசையில் நில்லாமலே தாம் ஏறுவதற்கும் அங்கு வழியுண்டு. வாயிற்பணியாளரைக் கேட்டால் சொல்வார். ஆனால் நாளின் முதற்சவாரி ஐவரும் சேர்ந்து ஏறுவதாக இருக்கட்டும். பல நாட்டுப் பிள்ளைகளின் பொம்மைகளைப் படகிலிருந்து காணும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' அத்தகையது. உயரக் கட்டுப்பாடு எதுவும் அதற்கில்லை. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃப் நிறுவனத்தின் பொருட்டு முதன்முதலில் அமைக்கப்பட்ட சவாரியின் வழிவந்தது அது.

உணவுக்காக அஞ்ச வேண்டாம். கண்ணாடிக் கலமும் மதுவும் தவிர வீட்டு உணவை உள்ளே கொண்டுசெல்ல இசைகிறார்கள். சூடாக்க வேண்டிய உணவைத் தவிர்த்து, எலுமிச்சைச் சோறும் சப்பாத்தியும் எடுத்துச் செல்லுங்கள். விரைவு உணவுக் கடைகளில் குளிர்ந்த குடிநீரைக் கேட்டால் விலையின்றிக் கிடைக்கும்.

எருசலேமில் பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடி மரியாளும் சூசையும் மூன்று நாள் கலங்கியதை அறிவோம். உறவினர் கூட்டத்தில் இருப்பான் என்று ஒருவரையொருவர் நம்பியதே அங்கு நேர்ந்தது. திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம். ஆகவே எந்தப் பிள்ளைக்கு எவர் பொறுப்பு என்பதைப் பெயர் சொல்லி வகுத்துக்கொள்ளுங்கள். சிறுவனின் கையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். அம்மாவின் கைப்பையிலும் அவ்வெண்ணை வையுங்கள். அந்நிய நாட்டில் வழிதவறினால் அவரும் குழந்தையே.

ஞாயிறு குறுக்கிட்டால் கடனை மறக்க வேண்டாம். 1975-இல் ஆர்லாண்டோ மறைமாவட்டத்துக் குருவானவர் ஜோசப் ஹார்ட், சுற்றுலாப் பயணியருக்காக டிஸ்னி விடுதியிலேயே திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். அப்பணி வளர்ந்து, அகிலத்தின் அரசியாம் மரியன்னையின் பெயரால் பெருங்கோவிலாயிற்று. ஏறத்தாழ 2,000 பேர் அமரும் அக்கோவிலை, 16-ஆம் பெனடிக்ட் திருத்தந்தை 2009-இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார். பூங்காக்களிலிருந்து சிறிது தொலைவில்தான் உள்ளது. விடுமுறை நடுவில் குடும்பமாக அங்கு முழந்தாளிடும் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

இறுதியாக மீண்டும் உங்களிடம் வருகின்றோம், அம்மா. சக்கர நாற்காலியில் அமர வெட்கப்படாதீர்கள். உங்கள் மகன் நடை பயின்ற நாளில் எத்தனை முறை இடுப்பில் சுமந்திருப்பீர்கள்! அன்று அவர் உங்களுக்குப் பாரமாய் இருந்தாரா? இன்று அவர் தள்ளிச் செல்லட்டும்; பேத்தி கைப்பிடியைப் பற்றிக்கொள்ளட்டும்; களைத்த பேரன் உங்கள் மடியில் உறங்கட்டும். பெற்றோரைப் பேணுவது எவ்வாறென்று எந்த மறைக்கல்வி வகுப்பும் இதைவிட நன்றாக அப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க இயலாது. அவர்கள் வளர்ந்தபின் கோட்டையின் உயரத்தை மறந்துவிடுவார்கள். அதனெதிரே பாட்டியோடு இருந்ததை மறவார்கள்.

கடல் கடந்து செல்லாத நம் குடும்பங்களுக்கும் இதுவே விதி. வேளாங்கண்ணிக்கோ, கொடைக்கானலுக்கோ, அருகிலுள்ள கேளிக்கைப் பூங்காவுக்கோ புறப்படுமுன், 'நம்முள் மெதுவாக நடப்பவர் யார்?' என்று கேளுங்கள். அவரை விட்டுச் செல்வதற்காக அன்று, அவரோடு நடப்பதற்காக.

வழித்துணையான அன்னை மரியாள் உங்கள் இல்லத்தாரை நலமே அழைத்துச் சென்று, நலமே திரும்பக் கொணர்வாராக!